வாசித்த புத்தகத்தை இன்னொரு கைக்குக் கொண்டு சேர்ப்பது எப்படி? மலையக வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"நல்ல புத்தகம் ஒன்று வாசிச்சேன், நீங்களும் வாசிங்க" என்று நான் சொல்ல, கேட்டவர் "கட்டாயம்" என்று தலையாட்ட, அதோடு பேச்சு முடிந்துபோன தடவைகளுக்குக் கணக்கே இல்லை. ஹட்டன் பஸ் நிலையம், கோயில் திருவிழா, பாடசாலை ஓய்வறை என்று எங்கெங்கோ எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த வருடம் விசாரித்தால் புத்தகத்தின் பெயர்கூட அவர்களுக்கு நினைவிருக்காது. அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கொடுத்தது வெறும் பெயர்.

கொழும்பில் இருப்பவர் பெயரைக் கேட்டுக்கொண்டு மாலையே வெள்ளவத்தைக்குப் போய் வாங்கிவிடலாம். பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்கு லயத்தில், அதாவது மலைமேல் பிரிவின் வரிசை வீட்டில், இருப்பவருக்கு அது நடக்காது. டவுனுக்கு இறங்க பஸ் பார்க்க வேண்டும். இறங்கினாலும் கடையில் இருப்பவை பெரும்பாலும் பாடப்புத்தகங்களும் கடந்தகால வினாத்தாள்களும்தான். அதனால் நம் பக்கத்தில் ஒரு புத்தகத்தைப் பரிந்துரைக்கும்போது மூன்று விஷயம் சேர்ந்திருக்க வேண்டும்: எந்தப் புத்தகம், யாருக்கு, எந்த வழியாக அவர் கைக்குப் போகும். மூன்றாவதை யோசிக்காமல் சொன்னால் பேச்சு பாதி வழியிலேயே நின்றுவிடும்.

நாங்கள் ஒரு சிறு வாசகர் வட்டமாகச் சில வருடங்களாகக் கூடுகிறோம். டீச்சர்மார், கடைகளில் வேலை செய்யும் தம்பிமார், கொழுந்து எடுக்கும் இரண்டு அக்காமார், ஓய்வுபெற்ற ஒரு கணக்குப்பிள்ளை ஐயா என்று பன்னிரண்டு பேர் வருவோம். அங்கே பழகிப் பழகித் தெரிந்துகொண்டதை ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

முதல் படி: வாசிக்கும்போதே ஒரு கொப்பி பக்கத்தில் இருக்கட்டும்

எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். ஒரு புத்தகத்துக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். பக்கத்தின் தலையில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை, விலை, உங்களுக்கு எங்கே கிடைத்தது என்பதை எழுதிவிடுங்கள். இது சின்ன வேலைதான். ஆனால் "அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும்?" என்று ஒருவர் ஆசையோடு கேட்கும்போது "பாத்துச் சொல்றேன்" என்று சொல்ல நேர்ந்தால், அந்த ஆசை அங்கேயே ஆறிவிடும்.

பதிப்பு விவரம் அச்சான பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். நூலுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். 978-955 என்றோ 978-624 என்றோ தொடங்கினால் அது இலங்கையில் பதிவான நூல். 978-81, 978-93 என்றால் இந்தியப் பதிப்பு. கடைக்காரரிடம் சொல்லி எடுப்பிக்கும்போது இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் விலையும் மாறும், காத்திருக்க வேண்டிய காலமும் மாறும். பழைய மலையக நூல்களில் இந்த எண் இருக்காது. அவற்றுக்குப் பதிப்பகமும் ஆண்டும்தான் அடையாளம்.

அப்புறம், வாசிக்க வாசிக்க நான் குறிப்பது நான்கு விஷயம். என்னை நிறுத்திய இடத்தின் பக்க எண் ஒன்று. எனக்கு அலுப்புத் தட்டிய இடம் இன்னொன்று. பிறருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டத்தக்க நான்கைந்து வரிகள் எங்கே இருக்கின்றன என்பது மூன்றாவது. நான்காவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: வாசிக்கும்போது யாருடைய முகம் நினைவுக்கு வந்தது? அந்தப் பெயரை ஓரத்தில் உடனே எழுதிவிட வேண்டும். புத்தகத்தை முடித்த பிறகு "இதை யாருக்குக் கொடுக்கலாம்" என்று யோசித்தால் வழக்கமான ஆட்கள்தான் மனதில் வருவார்கள். வாசிப்பின் நடுவில் தானாக வரும் முகம் அப்படி இருக்காது. ரயில்வே பற்றிய ஒரு கட்டுரையை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர், புத்தகமே வாசிக்காத ஒரு ஆட்டோக்கார அண்ணன். அவருடைய அப்பா ரயில் பாதையில் வேலை செய்தவர். அந்தக் கட்டுரையை அவர் இரண்டு தடவை வாசித்தார்.

இரண்டாம் படி: முடித்ததும் இரண்டு நாள் பொறுங்கள்

முடித்த சூட்டில் எல்லாப் புத்தகமும் மிகச் சிறந்ததாகத்தான் தெரியும். இரண்டு நாள் கழித்து, புத்தகத்தையும் கொப்பியையும் பார்க்காமல், நினைவில் நிற்பதை மூன்று வசனத்தில் எழுதிப் பாருங்கள். நினைவில் நிற்பதைத்தான் பிறரிடம் சொல்லப் போகிறீர்கள். ஒன்றுமே நிற்கவில்லை என்றால் அந்தப் புத்தகத்தைப் பரிந்துரைக்க வேண்டாம், வாசித்ததாகச் சொன்னால் போதும். வாசித்ததைப் பகிர்வது வேறு, பரிந்துரைப்பது வேறு. மாதம் நான்கு புத்தகம் வாசிப்பவர் நான்கையும் பரிந்துரைத்தால் கேட்பவர் நான்கையும் விட்டுவிடுவார்.

மூன்றாம் படி: சொல்லும் விதம்

"அருமையான நாவல். கண்ணீர் வந்துவிட்டது. கட்டாயம் வாசிக்க வேண்டும்." இப்படிச் சொன்னால் கேட்பவருக்கு உங்களைப் பற்றித்தான் தெரியும், புத்தகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. "கட்டாயம்" என்ற சொல்லை நான் விட்டே பல வருடமாகிறது. பாடசாலைக் காலத்திலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுத்தான் பலர் புத்தகத்தை விட்டு ஓடியிருக்கிறார்கள்.

ஒரு உதாரணம் தருகிறேன். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' நாவலை எங்கள் வட்டத்தில் ஒரு அக்காவுக்குக் கொடுக்கும்போது நான் சொன்னது ஏறக்குறைய இதுதான்:

"அக்கா, தமிழ்நாட்டுக் கிராமத்துல இருந்து தோட்டத்துக்கு வந்த ஒரு பெண்ணோட வாழ்க்கை இது. புத்தகம் 1964இல் வந்தது. அதே வருஷம் அக்டோபர்லதான் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம். நம்ம ஆளுங்கள்ல 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புறது, 300,000 பேருக்கு இங்க குடியுரிமை குடுக்கிறது, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பாக்கிறதுன்னு எழுதினாங்க. வந்தவங்க கதை அச்சான அதே வருஷம் திருப்பி அனுப்புற கணக்கும் எழுதியாச்சு. உங்க பெரியப்பா குடும்பம் கோச்சி ஏறிப் போனதைச் சொன்னீங்களே, வாசிக்கும்போது எனக்கு அந்த ஞாபகம்தான். நடை கொஞ்சம் பழசு, ஒரு இருபது பக்கம் பொறுமையா வாசிங்க. இது என் பிரதிதான், தீபாவளி வரைக்கும் வச்சிருங்க."

இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. கதை எதைப் பற்றியது, எந்தக் காலத்தது, ஏன் அவருக்கு, எங்கே சிரமப்படுவார், புத்தகம் எங்கே இருக்கிறது, எப்போது திருப்பித் தர வேண்டும் என்று எல்லாமே அதில் வந்துவிட்டது. முக்கியமாக, கதை எப்படி முடிகிறது என்பது வரவில்லை. நாவல் என்றால் தொடக்க நிலைமையையும் அதில் எழும் கேள்வியையும் சொல்லி நிறுத்திவிட வேண்டும். சிறுகதை என்றால் அதைவிடவும் குறைத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல சிறுகதைகளில் கடைசிப் பத்திக்காகத்தான் மற்ற எல்லாப் பத்திகளும் இருக்கின்றன. வரலாறு, தன்வரலாறு, ஆய்வு போன்றவற்றில் இந்தக் கவலை வேண்டாம். எவ்வளவு சொல்கிறீர்களோ அவ்வளவுக்குக் கேட்பவரின் ஆர்வம் கூடும்.

குறையைச் சொல்லத் தயங்காதீர்கள். எழுத்துப் பிழை அதிகம், எழுத்து ரொம்பச் சின்னது, நடுவில் அரசியல் விளக்கம் நீளுகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் வாசிப்பவர் அந்த இடத்தில் நின்றுவிட மாட்டார். "அண்ணன் சொன்ன இடம் இதுதான்" என்று தாண்டிப் போவார். குறையே சொல்லாமல் புகழ்ந்து கொடுத்த புத்தகத்தில் அதே இடம் வந்தால், "நமக்குத்தான் விளங்கவில்லை போல" என்று நினைத்து மூடி வைத்துவிடுவார்.

நான்காம் படி: ஆளைப் பார்த்துக் கொடுப்பது

ஒரு வழிகாட்டியில் இதற்குத்தான் அதிக இடம் தர வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். கொழுந்து எடுக்கும் ஒரு பெண் விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பகல் முழுக்க மலையில் நின்று, மாலை நிறுவை முடிந்து வீடு திரும்பி மறுபடி அடுப்பைப் பற்றவைக்கிறார். அவருக்கு நானூறு பக்க நாவலைக் கொடுத்து ஒரு மாதத்தில் கேட்டால் அது அன்பு ஆகாது, சுமை. சிறுகதைத் தொகுப்புக் கொடுங்கள். அதிலும் "மூன்றாவது கதையை முதலில் வாசிங்க, எட்டுப் பக்கம்தான்" என்று சொல்லிக் கொடுங்கள். எட்டுப் பக்கத்தைச் சோறு வேகும் நேரத்தில் முடித்துவிடலாம். எங்கள் வட்டத்தில் இருக்கும் இரண்டு அக்காமாரும் அப்படித்தான் தொடங்கினார்கள். இப்போது அவர்களில் ஒருவர் எங்கள் எல்லாரையும்விட வேகமாக வாசிக்கிறார்.

அடுத்தது கண். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பழைய பதிப்புகளின் பொடி எழுத்து பெரிய தடை. "எனக்கு இதெல்லாம் வாசிச்சுப் பழக்கமில்ல" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும். அதை மென்மையாகக் கேட்டுப் பாருங்கள்.

பிறகு ருசி. "உங்களுக்கு என்ன மாதிரிப் புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்டால் வாசிக்காதவர்களுக்குப் பதில் தெரியாது, கூச்சப்படுவார்கள். நான் வேறு மாதிரிக் கேட்கிறேன்: "கடைசியா எந்தக் கதை உங்களைத் தூங்க விடல? படமா இருந்தாலும் சரி, டிராமாவா இருந்தாலும் சரி, காமன் கூத்துல பார்த்ததா இருந்தாலும் சரி." இதற்கு எல்லாரிடமும் பதில் இருக்கும். குடும்பச் சண்டை, துப்பறிதல், பேய், நியாயம் கிடைக்காதவன் என்று அந்தப் பதிலுக்குள்ளேயே அவருக்கான புத்தகம் இருக்கும்.

மலையக எழுத்தை மலையகத்தவருக்குக் கொடுக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. லயத்து வாழ்க்கையை எழுதிய கதையை ஒரு தம்பிக்குக் கொடுத்தேன். நான்கு நாளில் திருப்பித் தந்துவிட்டான். "நாங்க தினமும் பார்க்கிறதுதானே அண்ணே, இதை ஏன் திரும்ப வாசிக்கணும்?" என்றான். முதலில் எனக்கு வருத்தம். பிறகு யோசித்தால் அவன் சொன்னது சரிதான். பகல் முழுக்க ஒரு கடையில் நின்றுவிட்டு வருபவனுக்கு முதலில் வேண்டியது வேறொரு உலகம். அவனுக்கு விண்வெளி பற்றிய நூல் ஒன்றைக் கொடுத்தேன். ஒன்றரை வருடம் கழித்து அவனே வந்து, "நம்ம ஆளுங்க எழுதினது இருக்கா?" என்று கேட்டான். நீங்கள் நினைக்கும் வரிசையில் எல்லாரும் வாசிக்க மாட்டார்கள். விட்டுப் பிடியுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வரும் நண்பர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் நேராக மலையகச் சிறுகதையிலிருந்தே தொடங்கலாம். தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' 1979இல் வந்தது, என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' அடுத்த ஆண்டு வந்தது. பலரை ஒரே நூலில் வாசிக்க விரும்பினால் 1997இல் துரைவி வெளியீடாக வந்த 'மலையகச் சிறுகதைகள்' தொகுப்பு இருக்கிறது. இந்த மூன்றும் கடையில் எளிதில் கிடைப்பவை அல்ல. எப்படிப் பெறுவது என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

இரண்டு மொழி வாசகர்கள் உள்ள வீடுகளுக்கு சி.வி. வேலுப்பிள்ளையை நான் விரும்பிக் கொடுப்பேன். 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற நெடுங்கவிதையை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். சக்தி பால ஐயா அதைத் தமிழில் தந்தார். ஆங்கில மொழிமூலம் படிக்கும் பேத்தி ஒரு பிரதி, தாத்தா ஒரு பிரதி என்று ஒரே வீட்டில் இரண்டையும் ஒரே வாரத்தில் வாசித்தார்கள். பிறகு எந்த வரி எந்த மொழியில் நன்றாக இருக்கிறது என்று அவர்களுக்குள் நடந்த வாக்குவாதம் எங்கள் கூட்டம் வரைக்கும் வந்தது.

ஐந்தாம் படி: புத்தகம் போகும் வழி

பக்கத்து நூலகத்திலிருந்து தொடங்குங்கள். நகரசபை, பிரதேச சபை நூலகங்களில் நூல்கள் பெரும்பாலும் டியூவி எண் வரிசையில், அதாவது பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் முறையில், இருக்கும். 894.811 தமிழ் இலக்கியம். அதற்குள் 894.8111 கவிதை, 894.8112 நாடகம், 894.8113 புனைகதை. இலங்கை வரலாறு 954.93. இந்த எண்களைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால், நூலகத்துக்குப் புதிதாகப் போகும் ஒருவரை "எந்தப் பக்கம் தேடுறது" என்று தவிக்கவிடாமல் நேராக அனுப்பிவிடலாம். பரிந்துரைக்கும்போதே "டவுன் நூலகத்தில் இருக்கிறது, நான் போன வாரம் பார்த்தேன்" என்று சொல்ல முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

அச்சில் இல்லாத நூல்களுக்கு 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளம் பெரிய துணை. இலங்கைத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் அங்கே மின்வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. போனில் டேட்டா குறைவாக இருப்பவர்களுக்கு இணைப்பை மட்டும் அனுப்பினால் போதாது. வைஃபை உள்ள ஒருவர் கோப்பை இறக்கி, நேரில் சந்திக்கும்போது போனுக்குப் போன் மாற்றிக் கொடுங்கள். எந்தப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். இருநூறு பக்கத்தைப் போன் திரையில் உருட்டித் தேடும் பொறுமை யாருக்கும் இருக்காது.

ஆனால் இப்போது விற்பனையில் இருக்கும் ஒரு நூலைப் போனில் படம் எடுத்துச் சுற்றுக்கு விடாதீர்கள். இதை வலியுறுத்தியே சொல்கிறேன். நம் எழுத்தாளர்களில் பலர் சொந்தக் காசைப் போட்டுச் சில நூறு பிரதிகள்தான் அச்சடிக்கிறார்கள். அந்தப் பிரதிகள் விற்றால்தான் அடுத்த புத்தகம் வரும். நான்கு பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்கி மாற்றி மாற்றி வாசியுங்கள், அது அவருக்கும் நல்லது.

வாங்குவதற்கு நல்ல காலம் செப்டம்பர். கொழும்பு பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி நடக்கும். தோட்டத்திலிருந்து எல்லாரும் போக முடியாது, ஆனால் கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகஸ்டிலேயே எல்லாரிடமும் பட்டியலும் காசும் சேர்த்து ஒரு தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். பட்டியலில் பெயர் மட்டும் போதாது. ஆசிரியர், பதிப்பகம், அதிகபட்சம் எவ்வளவு விலை வரை வாங்கலாம் என்பதும் இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பதிலுக்கு எதை வாங்குவது என்றும் எழுதுங்கள். அவன் தீபாவளிக்கு ஊர் வரும்போது புத்தகங்களும் வந்துவிடும். எங்கள் வட்டத்தின் புத்தகங்களில் பாதிக்கு மேல் இரவு மெயில் கோச்சியில் வந்தவை.

அக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளும் நூலகங்களும் ஏதாவது நிகழ்ச்சி வைக்கும். புதிய ஆட்களைச் சந்திக்க அது நல்ல வாய்ப்பு.

ஆறாம் படி: வாசிக்காதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்

புத்தகத்தைப் பகிர்வது எழுத்துத் தெரிந்தவர்களோடு நின்றுவிடக் கூடாது. இது நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாட்டாகப் பாடித்தான் கருத்தைக் கொண்டு சேர்த்தார். அந்தப் பாடல்கள் 1940இல் சிறு நூலாகவும் அச்சாகின. வாசிக்கத் தெரியாதவருக்கும் அச்சில் உள்ளது போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை அப்போதே இருந்திருக்கிறது.

செய்முறை எளிது. பத்து நிமிடத்துக்கு மேல் வாசிக்காதீர்கள். முதலில் வீட்டில் ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். நாக்கு இடறும் இடங்களில் பென்சில் கோடு போட்டு அங்கே நிதானிக்கலாம். பேச்சு வரிகளை நம் தோட்டத்துப் பேச்சிலேயே வாசியுங்கள். இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) நாலு பேர் உட்கார்ந்து பிளேன்டி குடிக்கும் நேரம் போதும், தனியாக ஒரு நிகழ்ச்சி தேவையில்லை.

சி.வி. தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களை ஒரு நாள் இப்படி வாசித்தேன். சுவரில் சாய்ந்திருந்த ஒரு பாட்டி இடையில் மறித்து, "அது அப்படி இல்லப்பா, எங்க தோட்டத்துல வேற மாதிரி பாடுவோம்" என்று பாடிக் காட்டினார். புத்தகத்தில் இல்லாத இரண்டு அடியும் அதில் இருந்தது. அன்றிலிருந்து கொப்பியோடு ஒரு பேனையையும் எடுத்துப் போகிறேன்.

ஏழாம் படி: மாதம் ஒருமுறை கூடுங்கள்

இடம் எதுவாகவும் இருக்கலாம். வாசிகசாலை, கோயில் மண்டபம், பாடசாலை வகுப்பறை, யாருடைய வீட்டு இஸ்தோப்பு என்றாலும் சரி. ஆனால் நாள் மாறக் கூடாது. "மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி" என்று ஒருமுறை வைத்தால் அதிலேயே நில்லுங்கள். ஒவ்வொரு மாதமும் வசதி பார்த்து நாள் குறித்த காலத்தில் எங்களுக்கு மூன்று பேர்தான் வந்தார்கள். நேரம் வைக்கும்போது கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து வையுங்கள், பெண்கள் வருவதும் வராததும் அதில்தான் இருக்கிறது.

ஒருவருக்கு ஐந்து நிமிடம். பேச்சாற்றல் உள்ளவர்கள் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் அடுத்த மாதம் வர மாட்டார்கள். நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: புத்தகத்தை முடிக்காதவர் முதலில் பேச வேண்டும். எங்கே நின்றார், ஏன் நின்றார் என்று சொன்னால் போதும். முடிக்காமல் வருவது குற்றமில்லை என்று அது காட்டுகிறது. தவிரவும், ஒரு புத்தகத்தைப் பற்றி மிக உண்மையான பேச்சு பல சமயம் அங்கேதான் கிடைக்கிறது.

எல்லாரும் ஒரே புத்தகத்தை வாசித்து வர வேண்டும் என்ற முறை எங்களுக்குச் சரிவரவில்லை. பன்னிரண்டு பிரதிக்கு எங்கே போவது? அதனால் அவரவர் வாசித்ததை அவரவர் சொல்கிறார்கள். கூட்டம் முடியும்போது புத்தகங்கள் மேசையில் இருக்கும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். வர முடியாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிடக் குரல் பதிவு அனுப்புகிறோம். எழுதி அனுப்பினால் பலர் வாசிப்பதில்லை, குரல் என்றால் வேலை செய்துகொண்டே கேட்கிறார்கள்.

எட்டாம் படி: இரவல் கணக்கும் ஈரமும்

இரவல் கொடுத்த புத்தகத்தால் சிநேகிதம் கெட்டுப்போகக் கூடாது. அதற்குக் கணக்கு வேண்டும். எங்கள் முறை இது: புத்தகத்தின் பின் உள்ளட்டையில் ஒரு தாளை ஒட்டுகிறோம். எடுப்பவர் தன் பெயரையும் மாதத்தையும் எழுதுவார். அதே விவரம் வட்டத்தின் பதிவுக் கொப்பியிலும் இருக்கும். வாசித்தவர் சொந்தக்காரரிடம் திருப்பித் தர வேண்டியதில்லை, பதிவில் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் நேராகக் கொடுக்கலாம். அந்தத் தாளில் தெரிந்தவர் பெயர் நான்கைந்து இருந்தால் புதிதாக வருபவருக்கு அதுவே ஒரு பரிந்துரை. "டீச்சரும் வாசிச்சிருக்காங்களா? அப்ப எனக்குக் குடுங்க" என்று கேட்டு வாங்குவார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் ஒருவரிடம் தங்கினால் "முடிச்சாச்சா?" என்று கேட்க வேண்டாம். "இன்னொரு ஆள் கேக்கிறாங்க, அவங்க முடிச்சதும் திரும்ப உங்களுக்குத்தான்" என்று சொன்னால் யாருக்கும் மனம் கோணாது. திரும்பி வராமல் போய்விடுமோ என்று நீங்கள் பயப்படும் புத்தகத்தை, அபூர்வப் பிரதியை, இரவலுக்கு விடாதீர்கள். வீட்டுக்குக் கூப்பிட்டு வாசிக்கக் கொடுங்கள்.

ஒரு தடவை எங்களிடம் மிகுதியாக இருந்த நூல்களைப் பெட்டியில் கட்டி ஒரு நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தோம். அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் பெட்டி கட்டுப் பிரிக்காமல் அப்படியே இருந்தது, அடியில் இருந்தவை ஈரத்தில் ஒட்டிப்போயிருந்தன. மனம் மிகவும் வலித்தது. கொடுக்குமுன் யார் பதிவார்கள், எந்த அலுமாரியில் வைப்பார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். முடிந்தால் நாமே இரண்டு நாள் போய்ப் பதிவதற்கு உதவ வேண்டும்.

ஈரம் நமக்கு எப்போதும் உள்ள பிரச்சினை. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் அக்டோபர் முதல் ஜனவரி வரை. அந்த மாதங்களில் புத்தகத்தை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், சுவர் வியர்க்கும். பலகைக்கு மேலே, காற்று போகும் இடைவெளி விட்டு, நிமிர்த்தி வையுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி என்றால் துணியில் கட்டிய அடுப்புக்கரியை உள்ளே போட்டு, வெயில் வரும்போது எடுத்துக் காயவையுங்கள். பூஞ்சணம் வந்துவிட்டால் வெளியே எடுத்துப் போய், உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் பக்கம் விரித்து ஆறவிட வேண்டும். நேர் வெயில் தாளைப் பழுப்பாக்கும். நனைந்த புத்தகத்தைப் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றவே கூடாது. கொடுக்கும்போது மட்டும், மழையில் கொண்டுபோக, ஒரு பொலித்தீன் பை சேர்த்துக் கொடுங்கள்.

ஒன்பதாம் படி: வாசித்த பிறகு கேட்பது

"பிடிச்சுதா?" என்று கேட்டால் "ஓ, நல்லாயிருந்துச்சு" என்ற பதில்தான் வரும். மரியாதைக்கு அப்படித்தான் சொல்வார்கள். "எந்த இடத்துல நிறுத்தினீங்க?", "அந்த அம்மா செஞ்சது சரியா?", "இதை வேற யாருக்குக் குடுக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் அடுத்த வாசகர் கிடைத்துவிடுவார்.

பிடிக்கவில்லை என்று சொன்னால் அந்த நூலுக்காக வாதாடாதீர்கள். ஏன் என்று மட்டும் கேட்டு, அவர் பெயருக்குக் கீழே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற அந்தக் கணக்குப்பிள்ளை ஐயாவின் பக்கத்தில் என் கொப்பியில் இப்படி இருக்கிறது: "நீண்ட வர்ணனை பிடிக்காது. கணக்கு, காலம், ஆட்களின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். சோகமான முடிவு என்றால் முன்னரே சொல்ல வேண்டும்." ஐந்து புத்தகங்களைத் திருப்பித் தந்த பிறகு, ஆறாவதாகத் தொழிற்சங்க வரலாறு ஒன்றைக் கொடுத்தேன். மூன்று நாளில் முடித்துவிட்டுப் போன் எடுத்தார். 137ஆம் பக்கத்தில் ஒரு சம்பளக் கணக்குப் பிழையாக அச்சாகியிருக்கிறதாம், அந்தக் காலத்துச் சம்பளம் தனக்கு நன்றாக நினைவிருக்கிறதாம். அடுத்த ஞாயிறு அந்தப் பக்கத்தில் ஒரு சிறு தாளை வைத்து, சரியான கணக்கைத் தன் அழகான கையெழுத்தில் எழுதிக் கொண்டுவந்தார். அந்தத் தாளோடுதான் இப்போது அந்தப் புத்தகம் கை மாறுகிறது.